வலையின் முன்கட்டு

ரயிலில் இடம் பதிவு செய்யவும், மின்சாரக் கட்டணம் செலுத்தவும், பிள்ளைகளின் தேர்வு முடிவைப் பார்க்கவும் முன்பெல்லாம் ஒரு சாளரத்தின் முன் வரிசையில் நின்றோம். சாளரத்துக்கு அப்பால் ஒரு குமாஸ்தா இருப்பார். அவர் முகம் கடுகடுப்பாக இருக்கலாம், இன்முகமாகவும் இருக்கலாம். எப்படியிருப்பினும் அது ஒரு மனித முகம். இன்று அந்த இடத்தில் ஒரு கண்ணாடித் திரை இருக்கிறது. அத்திரையில் எழுத்து எத்தனை பெரிதாகத் தெரிய வேண்டும், பெயரை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும், பிழையாக எழுதிவிட்டால் எந்த வார்த்தையால் அதைச் சுட்டிக்காட்ட வேண்டும், பார்வையற்ற ஒருவர் அப்பக்கத்தைச் செவியால் எவ்வாறு அறிந்துகொள்வார் என்பனவற்றையெல்லாம் யாரோ ஒருவர் முன்கூட்டியே எண்ணி அமைத்திருக்கிறார். நேயர்களே, அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் இன்று சில நிமிஷங்கள் பேச விரும்புகிறேன்.

தொழிலில் உள்ளவர்கள் அவரை ‘பிரண்ட் எண்ட் டெவலப்பர்’ என்று அழைக்கிறார்கள். மொழிபெயர்ப்பு என் ஜீவனோபாயம். ஆதலால், எந்தப் புதுச் சொல் காதில் விழுந்தாலும் அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ‘முன்முனை உருவாக்குநர்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் கேட்பவர் மனத்தில் ஓர் ஈட்டியின் முனைதான் தோன்றும். நம்முடைய பழைய வீடுகளில் முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டு பகுதிகள் உண்டு. விருந்தாளி வந்து அமர்வது முன்கட்டில். நெல் குதிரும் அடுப்பும் கிணறும் பின்கட்டில். வலைத்தளத்துக்கும் இவ்விரண்டு கட்டுகளும் இருக்கின்றன. கணக்கு வழக்குகளும் தகவல் களஞ்சியமும் பின்கட்டில் இயங்குகின்றன. பார்ப்பவர் வந்து அமரும் இடம் முன்கட்டு. எனவே நாம் இன்று பேசப்போகிறவரை ‘முன்கட்டுக் கலைஞர்’ என்று வைத்துக்கொள்வோம்.

இத்தொழிலைத் தோற்றுவித்தவர்களிலும் வளர்த்தவர்களிலும் ஒரு பெரும் பகுதியினர் இதற்கென்று படித்தவர்கள் அல்லர். படித்தது ஒன்று, உத்தியோகம் ஒன்று, மனம் நாடியது வேறொன்று என்று பல தெருக்களைச் சுற்றி வந்தவர்கள். அப்படிச் சுற்றி வந்தபோது அவர்கள் கையில் கொண்டுவந்த பொருள்கள்தாம் இத்தொழிலின் மூலதனமாக அமைந்தன என்பது என் கருத்து. அதற்குச் சான்றாக ஒருவரை மட்டும் சற்று விரிவாகக் காண்போம். அதற்கு முன் தொழிலின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜெனீவா நகரத்தின் அருகே செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், ஆக்ஸ்போர்டில் பௌதிகம் பயின்றவர், 1989ல் உலகளாவிய வலைக்கான திட்டத்தை எழுதி அளித்தார். பக்கங்களை எழுதுவதற்கென்று அவர் வகுத்த மொழி எச்.டி.எம்.எல். அது மிக எளிய மொழி. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இதைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கும். அவ்வளவுதான் அது சொல்லும். தலைப்பு சிவப்பா, நீலமா, நடுவில் நிற்க வேண்டுமா என்பதைப் பற்றி அம்மொழிக்குக் கவலையில்லை.

ஆனால் மனிதருக்குக் கவலை உண்டே! பத்திரிகையைப் போலப் பக்கம் அழகாக அமைய வேண்டும் என்ற ஆசை உடனே எழுந்தது. 1994 அக்டோபரில், அதே ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹோக்கன் வியும் லீ என்னும் நார்வே நாட்டினர் ஒரு யோசனையை வெளியிட்டார். பொருளை ஓரிடத்திலும் அதன் தோற்றத்துக்கான விதிகளை வேறோரிடத்திலும் எழுதி வைக்கலாம் என்பதே அது. டச்சுக்காரரான பெர்ட் பாஸ் அவருடன் சேர்ந்தார். 1996 டிசம்பரில் அது சி.எஸ்.எஸ். என்ற பெயரில் அதிகாரபூர்வமான பரிந்துரையாக வெளிவந்தது. அப்பெயரின் முதற் சொல் படிப்படியாக இறங்கும் அருவியைக் குறிக்கும். பக்கத்தை எழுதியவரின் விருப்பம், படிப்பவரின் விருப்பம், பக்கத்தைக் காட்டும் மென்பொருளான உலாவியின் வழக்கம் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிக் கலக்கின்றன. எழுதியவரும் படிப்பவரும் முரண்பட்டால் யார் சொல் செல்லும்? 1998ல் வந்த இரண்டாம் வகுப்பு விதிகள், படிப்பவர் ஒன்றைக் கண்டிப்பாக வேண்டும் என்று குறித்துவிட்டால் அதுவே செல்லும் என்று தீர்த்துவிட்டன. கண் மங்கிய ஒரு முதியவர் பெரிய எழுத்துத்தான் வேண்டும் என்று தம் கணிப்பொறியில் எழுதி வைத்தால், எந்த அலங்காரக்காரரும் அதை மீற இயலாது. தொழில் நுணுக்கம் பற்றிய ஒரு விதிக்குள் இத்தகைய மரியாதை ஒளிந்திருப்பதைக் கண்டபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

பக்கத்துக்கு அசைவும் பதில் சொல்லும் திறனும் தருவது ஜாவாஸ்கிரிப்ட். 1995ல் பிரெண்டன் ஐக் என்பவர் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதி முடித்தார். இந்த மூன்றுமே முன்கட்டுக் கலைஞரின் கருவிகள்.

இக்கருவிகள் வந்த காலத்தில் இவற்றைக் கற்பிக்கக் கல்லூரிகளில் துறை இல்லை. ஆகவே, நாலா திசைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வலை பிறப்பதற்கு முன்னரே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. சூசன் கேர் என்னும் அம்மையார் கலைத்துறையில் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆர்கன்சாவில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்காக இரும்பில் ஒரு காட்டுப் பன்றியின் சிலையை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பள்ளித் தோழர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஆப்பிள் நிறுவனத்தின் புதிய கணிப்பொறிக்குச் சிறு சித்திரங்கள் வரைந்து தர வேண்டும் என்று. சதுரக் கட்டமிட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகக் கறுப்பு அடித்து அவர் வரைந்தார். பதிகல் ஓவியமும் துணியில் தையற் பூவேலையும் அறிந்த கைக்கு அது புதிய வேலையே அல்ல. புள்ளிக் கோலம் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கும் அது எளிதில் வசப்பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். ஜெஃப்ரி ஜெல்ட்மன் என்னும் நியூயார்க்காரர் இசையில் சில காலமும் விளம்பர வாசகம் எழுதுவதில் சில காலமும் கழித்தவர். 1995ல் ஒரு திரைப்படத்துக்காக வலைத்தளம் அமைக்கப் போய், அத்தொழிலிலேயே தங்கிவிட்டார்.

இனி நான் விரிவாகச் சொல்ல வந்தவர் எரிக் மேயர்.

அமெரிக்க நாட்டின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருப்பது க்ளீவ்லாந்து நகரம். அங்கே உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் மேயர் 1992ல் பி.ஏ. பட்டம் பெற்றார். பாடம் சரித்திரம். துணைப் பாடங்களாக வான சாஸ்திரமும் ஆங்கிலமும் செயற்கை நுண்ணறிவும் எடுத்திருந்தார். இப்பட்டியலை நம் ஊரில் ஒரு பெண்ணின் தகப்பனாரிடம் காட்டினால், மாப்பிள்ளை எதிலும் நிலைகொள்ளாதவர் என்றுதான் முடிவு கட்டுவார். 1993ன் இறுதியில் மேயருக்கு வலை அறிமுகமாயிற்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே தாம் படித்த பல்கலைக்கழகத்தின் வலைத்தளத்துக்குப் பொறுப்பாளரானார். அந்த உத்தியோகத்துக்கு அதற்கு முன் யாரும் இருந்ததில்லை. ஆதலால், தகுதி என்ன என்று கேட்பாரும் இல்லை.

அங்கே அவர் செய்த இரண்டு காரியங்கள் குறிப்பிடத்தக்கவை. தாம் கற்றதை உடனுக்குடன் பிறருக்குக் கற்பிக்கும் வகையில் மூன்று பயிற்சிப் பாடங்களை எழுதிப் பொதுவில் வைத்தார். மற்றொன்று, க்ளீவ்லாந்து நகரத்தின் சரித்திரக் கலைக்களஞ்சியம். 1987ல் அச்சில் வந்த அந்தப் பெருநூலை 1998ல் எவரும் விலையின்றிப் படிக்கும்படி வலையில் ஏற்றும் பணியை அவர் ஒருங்கிணைத்தார். ஒரு நகரத்தின் வரலாறு முழுவதும் இவ்வாறு வலையில் வைக்கப்பட்டது அதுவே முதன்முறை என்று கூறுவர். ஆயிரக்கணக்கான கட்டுரைகள், அவற்றுக்குள் ஒன்றையொன்று சுட்டும் குறிப்புகள், ஆட்களின் பெயர்கள், தெருக்களின் பெயர்கள். சரித்திரம் படித்தவர் கையில் அது சேர்ந்தது நல்லதாயிற்று. எந்தச் சொல்லிலிருந்து எந்தச் சொல்லுக்குப் பாலம் கட்டவேண்டும் என்பதைத் தீர்மானிக்க, யந்திர அறிவு மட்டும் போதாது.

அந்நாளில் இத்தொழிலைப் பிடித்திருந்த பெரும் நோய் ஒன்றுண்டு. விதிகளைக் குழுவினர் எழுதினார்கள்; உலாவிகளைப் போட்டி நிறுவனங்கள் உருவாக்கின. விதி ஒன்றாக இருக்க, ஒவ்வோர் உலாவியும் அதை ஒவ்வொரு விதமாகப் பொருள் கொண்டது. ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ஒரு பெட்டியின் அகலம் 300 புள்ளி. அதன் உட்புறத்தில் இரு பக்கமும் இருபது இருபது புள்ளி இடம் விடவேண்டும் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். விதியின்படி 300 என்பது உள்ளே இருக்கும் எழுத்துக்கான அகலம். ஆக மொத்தம் 340. ஆனால் அக்காலத்தில் மிகுதியாகப் புழங்கிய ஓர் உலாவி, 300க்குள்ளேயே அந்த நாற்பதையும் கழித்துக்கொண்டது. ஒரே எழுத்து, இரு வேறு வீடு! ஒன்றில் ஒழுங்காக நிற்கும் பக்கம் மற்றொன்றில் சரிந்து விழும். வேடிக்கை என்னவென்றால், பிழையென்று தள்ளப்பட்ட அந்த இரண்டாவது கணக்கே வசதியானது என்று பலர் உணர்ந்து, பிற்காலத்தில் விரும்பியவர் அதையும் கையாளலாம் என்று விதியிலேயே இடம் தந்தார்கள்.

இந்தக் குழப்பத்தில் மேயர் செய்தது ஒரு சரித்திர மாணவரின் காரியம். ஒரு நிகழ்ச்சியைப் பற்றி நான்கு ஆவணங்கள் நான்கு விதமாகச் சொல்லும்போது, அவற்றை அருகருகே வைத்து, எது எவ்விடத்தில் மாறுகிறது என்று குறித்துக்கொள்வது சரித்திரக்காரர் வழக்கம் அல்லவா? மேயர் சி.எஸ்.எஸ். விதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வோர் உலாவியும் ஒவ்வொரு விதிக்கும் எவ்வாறு நடந்துகொள்கிறது என்று சோதித்து, பெரிய அட்டவணையாக வெளியிட்டார். விதிகளுக்கான அதிகாரபூர்வமான சோதனைப் பக்கங்களைத் தயாரிக்கும் பணியும் அவரை வந்தடைந்தது. 2000ல் அவர் எழுதிய சி.எஸ்.எஸ். பற்றிய நூல் வெளிவந்தது. முதற் பதிப்பு 500 பக்கங்களுக்கு உட்பட்டது. எஸ்டெல் வைல் என்பவருடன் சேர்ந்து எழுதிய நான்காம் பதிப்பு 2017ல் வந்தபோது 1000 பக்கங்களைக் கடந்திருந்தது. விதிகள் வளர்ந்த வேகத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

தோற்றத்துக்கு வேறு வழி தெரியாத நாளில், பலர் பக்கத்தைக் கணக்கேட்டின் அட்டவணையைப் போலக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத சிறு படங்களை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் பார்வையற்றவர்களுக்காகப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றிருக்கிறது. அது கட்டங்களை வரிசைப்படி படிக்கும். ஒரு கட்டுரையின் முதல் வாக்கியத்துக்கும் இரண்டாவது வாக்கியத்துக்கும் நடுவே விளம்பரமும் முட்டுக்கொடுத்த படங்களின் பெயர்களும் வந்து விழும். வானொலியில் பேச்சாளரின் தாள்கள் வரிசை மாறிக் கலைந்துபோய், அவர் அப்படியே படித்துக்கொண்டு போனால் எப்படியிருக்கும்? அப்படி இருந்தது. தோற்றத்தைப் பொருளிலிருந்து பிரிக்கவேண்டும் என்று மேயரும் ஜெல்ட்மனும் அவர்களைப் போன்றோரும் ஓயாமல் வற்புறுத்தியதன் நியாயம் இங்கேதான் விளங்குகிறது.

அவ்வாறு பிரித்துவிட்டால் அழகு குன்றிவிடும் என்று ஒரு கட்சியினர் வாதித்தார்கள். அதற்கு 2003ல் டேவ் ஷே என்னும் கனடா நாட்டவர் ஒரு விடை அளித்தார். எச்.டி.எம்.எல்.லில் எழுதிய ஒரே ஒரு பக்கத்தை வைத்து, இதில் ஓர் எழுத்தும் மாற்றாமல் தோற்ற விதிகளை மட்டும் மாற்றி விரும்பியபடி அலங்கரியுங்கள் என்று உலகத்தாரை அழைத்தார். ஒருவர் அதைக் கடலடியாக மாற்றினார். மற்றொருவர் முற்றிலும் வேறொரு கோலம் தந்தார். ஒரே கீர்த்தனையைப் பத்து வித்துவான்கள் பாடியது போல என்று வைத்துக்கொள்ளலாம். சாஹித்தியம் மாறவில்லை. அந்தப் பக்கத்துக்குப் பின் வாதம் அடங்கிற்று.

நம் மொழிக்கும் இத்தொழிலுக்கும் உள்ள உறவைப் பற்றி, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில், ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ‘சப்மிட்’ என்று ஆறெழுத்தில் எழுதிய பொத்தானில் தமிழில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று ஒன்பது எழுத்து வருகிறது. ஒவ்வோர் எழுத்தும் ஆங்கில எழுத்தைவிட அகலமானது. பொத்தானின் அகலத்தை ஆங்கிலச் சொல்லை மட்டும் அளந்து கட்டியிருந்தால், தமிழ் வெளியே வழியும், அல்லது நடுவில் வெட்டுண்டு நிற்கும். பத்திரிகைகளில் பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாகப் போடுவது போல வலையிலும் போடலாம். ‘கொ’ என்னும் எழுத்து காகிதத்தில் மூன்று துண்டு; கணிப்பொறியின் ஏட்டில் இரண்டு குறியீடு; நமக்கோ ஒன்றே ஒன்று. ‘ஸ்ரீ’ என்பதற்குக் கணிப்பொறி நான்கு குறியீடுகளைச் செலவிடுகிறது. இவற்றைப் பிளக்காமல் முழு எழுத்தாக எடுக்கவேண்டும் என்று யந்திரத்துக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அந்த ஒருவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், தமக்குத் தெரியாத மொழிகள் உலகில் உண்டு என்ற நினைவாவது இருக்க வேண்டும். அந்த நினைவு கணிதப் பாடத்தில் கிடைக்கிறதா, இலக்கியப் பாடத்தில் கிடைக்கிறதா என்பதை நேயர்களின் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

மீண்டும் மேயரிடம் வருவோம். அவருடைய பொழுதுபோக்குகளில் ஒன்று வானொலியோடு தொடர்புடையது. பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையத்தில் வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சியை அவர் நடத்திவந்தார். அதன் பெயர் ‘உங்கள் தந்தையின் ஓல்ட்ஸ்மொபைல்’; பழைய மோட்டார் வண்டி ஒன்றின் பெயர் அது. 1930களிலும் 1940களிலும் அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்றிருந்த பெரிய வாத்தியக் குழுக்களின் இசையை, டியூக் எலிங்டன், பென்னி குட்மன் போன்றோர் நடத்திய அந்தவகைக் குழுக்களின் இசையை, அது ஒலிபரப்பியது. பகலெல்லாம் நாளைய யந்திரத்தோடு மல்லுக்கட்டியவர் தம் பாட்டனார் காலத்துப் பாட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு ஒலிபெருக்கி முன் அமர்ந்தார். இதனால் அவருடைய தொழில் எவ்வாறு மேம்பட்டது என்று ஆராய்ந்து சொல்ல நான் முன்வரப்போவதில்லை. மனிதன் மனம் விரும்பிச் செய்வதெல்லாம் தொழிலுக்குக் கப்பம் கட்டவேண்டும் என்று கேட்பது இக்காலத்தின் ஒரு கெட்ட வழக்கம். பாட்டு அவருக்குப் பிடித்திருந்தது, அது போதும்.

தொழிலுக்குள்ளேயே அவர் விளையாடிய விளையாட்டு வேறு. தம் வலைத்தளத்தில் ஒரு மூலையை இதற்கென்றே ஒதுக்கி, இது எல்லா உலாவிகளிலும் ஓடுமா, எவருக்கேனும் பயன்படுமா என்ற கவலையே இல்லாமல், விதிகளைக் கொண்டு என்னென்ன செய்துபார்க்கலாம் என்று சோதித்தார். செவ்வகப் பெட்டிகளை மட்டுமே அறிந்த மொழியில் எழுத்தை வளைவான ஓரத்தையொட்டி ஓடவிட்டார். ஜாவாஸ்கிரிப்டின் துணையின்றி, தொட்டால் எழும்பும் குறிப்புகளைச் செய்து காட்டினார். வளைவையொட்டி எழுத்தை ஓட்டுவதற்குப் பிற்காலத்தில் முறையான விதியே பிறந்தது. 2007ல் அவர் வெளியிட்ட சிறு விதித்தொகுப்பு ஒன்று உலகெங்கும் பரவியது. ஒவ்வோர் உலாவியும் யாரும் கேளாமலே தன் வழக்கப்படி தலைப்புக்கும் பத்திக்கும் சிறிது இடைவெளியும் அளவும் சேர்க்கும். அவற்றையெல்லாம் துடைத்துச் சமன் செய்வதே அத்தொகுப்பின் வேலை. சுவருக்கு வெள்ளையடிக்கும் முன் பழைய சுண்ணாம்பைச் சுரண்டுகிறோமே, அதுபோல.

2001 முதல் 2003 வரை அவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்தார். பிறகு சொந்தமாக ஆலோசனைத் தொழில். 2005ல் ஜெல்ட்மனுடன் சேர்ந்து மாநாடுகள் நடத்தத் தொடங்கினார். 2021 முதல் ஸ்பெயின் நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட இகாலியா என்னும் கூட்டுறவு அமைப்பில் பணி.

இவ்வளவும் கேட்டபின் ஒரு நேயர் எழுந்து, “ஐயா, அமெரிக்காவில் 1990களில் ஒருவருக்கு நடந்தது நம் பிள்ளைக்கு நடக்குமா?” என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மேயருக்கு மாதச் சம்பளமும் சோதித்துப் பார்க்கச் சுதந்திரமும் தந்த ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. கதவே இல்லாத வீட்டுக்குள் நுழைந்தவர் அவர். இன்று கதவும் இருக்கிறது, காவலாளும் இருக்கிறான். பொறியியல் பட்டம் இல்லாதவரின் விண்ணப்பத்தைப் பிரித்தும் பார்க்காத அலுவலகங்கள் நம் நாட்டில் பல. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஒரு பையன், கல்விக் கடனைத் தோளில் சுமந்துகொண்டு, சரித்திரத்திலிருந்து கணிப்பொறிக்கும் அங்கிருந்து சங்கீதத்துக்கும் உலாவ முடியாது. வளைந்த பாதை என்பது பல சமயங்களில் வசதியுள்ளவர் நடக்கும் பாதை. இதை மறைத்துவிட்டுப் புகழ் பாடுவது நேர்மையாகாது. மேலும், சுற்றி வந்து சேர்ந்தவர்களைத்தான் நாம் அறிகிறோம். சுற்றியவாறே எங்கும் சேராதவர்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை.

ஆயினும் வேறொன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பெட்டியை நடுவில் நிறுத்து, மூன்று பத்தியாகப் பிரி என்று வாயால் சொன்னால், செயற்கை நுண்ணறிவு நிரல்கள் அதற்கான விதிகளை நொடிப்பொழுதில் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. நாலாண்டுப் படிப்பில் கற்ற விதிகளை யந்திரமே எழுதுமாயின், முன்கட்டுக் கலைஞரிடம் எஞ்சி நிற்பது என்ன? வந்து அமரப்போகிற விருந்தாளி யார், எந்த நிலையில் வருகிறார் என்ற சிந்தனைதான். மேயரின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி மிகக் கொடிய முறையில் வந்தது.

அவருக்கு ரெபெக்கா என்ற மகள் இருந்தாள். அக்குழந்தைக்கு மூளையில் புற்றுநோய் கண்டது. 2014 ஜூன் 7ஆம் தேதி, தன் ஆறாவது பிறந்த நாளன்றே அவள் இறந்துபோனாள். அவ்வாண்டு டிசம்பரில், உலகில் மிகப் பலர் பயன்படுத்தும் ஒரு சமூக வலைத்தளம், அதன் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ‘உங்கள் ஆண்டு எப்படி இருந்தது பாருங்கள்’ என்று ஒரு படத்தொகுப்பைத் தானே தயாரித்துக் காட்டியது. மேயர் திறந்த பக்கத்தில் மகளின் முகம் இருந்தது. அதைச் சுற்றிலும் ஆடிப்பாடும் உருவங்கள்.

அதை அமைத்தவர்கள் மீது அவர் சீறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவர் எழுதிய கட்டுரையில், இது யாரும் வேண்டுமென்று செய்த கொடுமையன்று, பெரும்பாலோருக்கு அந்த நிரல் மகிழ்ச்சியே தந்திருக்கும் என்று ஒப்புக்கொண்டார். பிறகு, தொழில் தெரிந்தவர் என்ற முறையில் இரண்டு யோசனைகள் சொன்னார். பார்ப்பவர் விரும்புகிறார் என்று நிச்சயமாகத் தெரியும் வரையில் படத்தைத் தானே எடுத்து வைக்காதீர்கள். திணிப்பதற்குப் பதிலாக, பார்க்கிறீர்களா என்று முதலில் கேளுங்கள். எழுதப் போனால் இவை சில வரி மாற்றங்களுக்கு மேல் இல்லை. 2016ல் சாரா வாக்டர்-பாட்சர் என்பவருடன் சேர்ந்து இதையே ஒரு நூலாக விரித்தார். வழக்கத்துக்கு மாறான நிலையில் வரும் பயனாளரை ‘ஓரத்து ஆள்’ என்று தொழிலில் சொல்லி ஒதுக்குவது உண்டு. அவரை ‘நெருக்கடியில் இருப்பவர்’ என்று கொள்ளுங்கள் என்பது அந்நூலின் வேண்டுகோள். ஒரு சொல்லை மாற்றுவதால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பார்க்கலாம்.

குழந்தை இறந்த அந்த ஜூன் மாதத்திலேயே அவருடைய தொழில்தோழர்கள் மற்றொன்று செய்தார்கள். சி.எஸ்.எஸ். விதிகளில் நிறங்களைப் பெயர் சொல்லி அழைக்கலாம். ரெபெக்காவுக்குப் பிடித்த நிறம் ஊதா. சிவப்பு 40 விழுக்காடும் பச்சை 20 விழுக்காடும் நீலம் 60 விழுக்காடும் சேர்ந்த ஓர் ஊதாவுக்கு, 663399 என்ற எண்ணால் மட்டும் அறியப்பட்டிருந்த நிறத்துக்கு, அவள் பெயரைச் சூட்டலாம் என்று யோசனை எழுந்தது. முதலில் சொல்லப்பட்டது அவளுடைய செல்லப் பெயரான பெக்கா. தந்தை இசைந்தார், ஆனால் ஒரு திருத்தம் கேட்டார். பெக்கா என்பது சிறு பிள்ளையின் பெயர், ஆறு வயது ஆனதும் தன்னை எல்லோரும் ரெபெக்கா என்றுதான் அழைக்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாளாம். அவள் சுமார் பன்னிரண்டு மணி நேரம் ஆறு வயதுக்காரியாக இருந்தாள். ஆகவே ரெபெக்கா என்றே இருக்கட்டும் என்றார்.

விதிகளை வகுக்கும் குழு அதை ஏற்றுக்கொண்டது. உலாவிகள் எல்லாம் அதைச் சேர்த்துக்கொண்டன. பெயர் பெற்ற நிறங்கள் 148 அடங்கிய பட்டியல் ஒன்று அந்த விதிநூலில் ஆங்கில அகரவரிசையில் இருக்கிறது. ‘பர்ப்பிள்’ என்பதற்கும் ‘ரெட்’ என்பதற்கும் நடுவில் ‘ரெபெக்காபர்ப்பிள்’ என்ற வரியைக் காணலாம்.